மரபணு மாறாமல் உயரம் மாறுவது எப்படி?

கேள்வி: உயரம் பெற்றோரிடமிருந்து வருவது என்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு நாட்டு மக்களின் சராசரி உயரம் மூன்று நான்கு தலைமுறைக்குள் கூடுவது எப்படி? இப்படியே கூடிக்கொண்டே போகுமா?

பதில்: இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பெரிய மாற்றம் வரும் அளவுக்கு மரபணுக்கள் மாறுவதில்லை, மாறியது குழந்தைகள் வளரும் சூழல். வளரும் பிள்ளையின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால், எலும்பின் முனையருகே கறுப்பாக ஒரு கோடு தெரியும். எலும்பு முறிந்துவிட்டதோ என்று பெற்றோர் பதறுவதுண்டு. உண்மையில் அது வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்பு. அங்கே செல்கள் பெருகி, பின்னர் எலும்பாக இறுகுவதால்தான் கால் நீள்கிறது. பருவமடைந்த சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜனின் செயலால் (ஆண்களுக்கும் அதே ஹார்மோன்தான்) தட்டு மூடிக்கொள்ளும்; அதன்பின் என்ன சாப்பிட்டாலும் உயரம் கூடாது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் புரதமும் துத்தநாகம் போன்ற சத்துகளும் குறைந்தாலோ, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு உண்டதை உடலில் ஒட்டவிடாமல் செய்தாலோ, உடல் உயிரைக் காப்பதை முதலில் கவனிக்கிறது. எலும்பின் வளர்ச்சி பின்னுக்குப் போகிறது.

1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்களின் சராசரி உயரம் சுமார் 20 செ.மீ. கூடுதல். சத்தான உணவு, தூய குடிநீர், தடுப்பூசி ஆகியவை பிள்ளைகளை எட்டியதன் விளைவு இது. பணம் மட்டும் போதாது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா சான்று: நாட்டின் வருமானம் பெருகிய அதே காலத்தில், நகர நெருக்கடியும் தொற்றுநோய்களும் மலிந்ததால், 1830களை ஒட்டிப் பிறந்தவர்களிடமிருந்து சராசரி உயரம் குறையத் தொடங்கியது.

"உயரத்தில் 80 சதவீதம் மரபு" என்ற கணக்கும் பொய்யல்ல. ஆனால் பலரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான வசதியில் வளர்ந்தவர்களுக்குள் ஒருவர் நெட்டையாகவும் இன்னொருவர் குட்டையாகவும் இருப்பதற்கான காரணத்தையே அது சொல்கிறது; தாத்தாவின் காலத்தையும் பேரனின் காலத்தையும் ஒப்பிடுவதற்கு அந்தக் கணக்கு உதவாது.

உயரம் முடிவில்லாமல் கூடாது. குழந்தைப் பருவத்தின் தடைகள் விலக விலக, மரபு அனுமதிக்கும் எல்லையை மக்கள் நெருங்குகிறார்கள். உலகிலேயே உயரமானவர்களான நெதர்லாந்து ஆண்களில், 2001இல் பிறந்தவர்கள் 1980இல் பிறந்தவர்களைவிடச் சுமார் 1 செ.மீ. குள்ளம்.