பணம் கட்டி வெளியிடும் இதழ் வேண்டாம்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டே மென்பொருள் பாதுகாப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறீர்கள். கல்லூரியில் ஆய்வகம் இல்லை, பணம் கட்டினால் ஒரே மாதத்தில் வெளியிடும் இதழுக்குக் கட்டுரை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அனுப்பாதீர்கள். இந்தத் துறையில் இதழ்களைவிட மாநாடுகளுக்குத்தான் மதிப்பு: யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, என்டிஎஸ்எஸ், சிசிஎஸ் போன்றவை. யூஸ்னிக்ஸ் கட்டுரைகளை இலவசமாகவே படிக்கலாம். பலவற்றுக்கு நிரலும் கிடைக்கும்.

ஆய்வகம் இல்லாதது பெரிய குறை அல்ல. சுமாரான மடிக்கணினியும் லினக்ஸும், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போலச் செய்து காட்டும் கியூஇமு மென்பொருளும் இருந்தால் தொடங்கிவிடலாம். எம்ஐடி தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தை வரிவரியாகப் படியுங்கள். நிரலின் முகவரிகளை உண்மையான நினைவக முகவரிகளாக மாற்றும் பக்க அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல், செயலியின் குறையைப் பயன்படுத்தி இயங்குதளத்தின் நினைவகத்தையே படித்துவிடும், 2018-இல் வெளியான மெல்ட்டவுன் தாக்குதலைப் புரிந்துகொள்ள முடியாது. பிறகு ஏதாவதொரு திறந்தமூல நிரலகத்தை (லைப்ரரி) எடுத்து, ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ் கருவியால் தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்து, எங்கே உடைகிறது என்று பாருங்கள். ஐப்பசி மழையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்! பிழை சிக்கினால் அந்த நிரலகத்தைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் முதலில் சொல்லுங்கள். கல்லூரிச் சேவையகத்தில் அனுமதியின்றிக் கைவைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் விளையாட்டல்ல.

இணை வழிகாட்டிக்குத் திருச்சி என்ஐடியிலோ தஞ்சை சாஸ்திராவிலோ கேட்டுப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழக விதி இடம் கொடுக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். எழுதும்போது நீண்ட தன்விவரம் வேண்டாம். ஒரு கட்டுரையின் சோதனையை நீங்களே மறுபடி செய்து, எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று ஒரே பக்கத்தில் இணைத்து அனுப்புங்கள்.