தம்பி, அந்தக் காசைக் கட்டாதீர்கள்

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து மான்செஸ்டர் வந்து இரண்டு மாதம் என்கிறீர்கள். குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் சமூக வீட்டுவசதி நிறுவனமொன்றில், வாடகைக்கு இருப்பவர்களின் திருத்த வேலை முறைப்பாடுகளைப் போனில் எடுக்கும் வேலை. வீட்டுவசதி நிர்வாகத்தில் லெவல் 4 சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை போய்விடும், காசு கட்டினால் முடித்துத் தருகிறேன் என்று நம்ம ஆள் ஒருவர் சொன்னாராம். கட்டலாமா, குளிரை எப்படிச் சமாளிப்பது, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று மூன்று கேள்வி. குளிர் உங்களுக்கு என்ன புதிதா? பிள்ளைக்குக் கவுன்சிலில் விண்ணப்பம் போடுங்கள். அவ்வளவுதான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் வந்த சமூக வீட்டுவசதிச் சட்டத்தைக் காட்டித்தான் இவர்கள் பயமுறுத்துகிறார்கள். அதன்படி வரும் தகுதி விதிக்கு 2026 அக்டோபர் என்று நாள் குறித்திருக்கிறார்கள். சான்றிதழ் கேட்பது மேலே இருப்பவர்களிடம்: மூத்த மேலாளருக்கு லெவல் 4, அவருக்கும் மேலே லெவல் 5. அவர்களுக்கே சில வருடத் தவணை உண்டு. போன் எடுக்கும் உங்களுக்கு வேண்டியது வேலைக்கான அறிவும் நடத்தையும். அதைப் பழக்கவேண்டியது நிறுவனம், உங்கள் மணிபர்ஸ் அல்ல. பிறகு மேலே போக ஆசை வந்தால் நிறுவனத்தையே செலவழிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் தகுதிச் சான்றிதழ்களைக் கண்காணிக்கும் ஒஃப்குவாலின் பதிவில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மவர்களை ஏமாற்ற நம்மவர்களே போதும். நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீட்டில் பிறந்துவிட்டு, அதை மறைத்து இங்கே 'கண்டி' என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கவனம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2006இல் நானும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இரண்டு வருடம் ஒபிஸ் கூட்டினேன். பயிற்சி என்று அரை நாள், கையில் ஒரு தாள். ஈரம், பூஞ்சணம் என்று யார் சொன்னாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், உடுப்பை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள் என்று வாசிக்க வேண்டும். ஒரு சோமாலிப் பெண்ணுக்கு அதை மூன்று தடவை வாசித்தேன். நான்காவது தடவை அவர் ஒன்றும் பேசவில்லை, போனை வைத்துவிட்டார். என் ஆங்கிலம் திருந்திவிட்டது என்ற பெருமையில் இருந்தேன் அப்போது.

அன்றிரவுதான் மஸ்கெலியா ஞாபகம் வந்தது. எங்கள் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று அப்பா மூன்று நாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து தோட்டத்து ஒபிஸ் வாசலில் நின்றார். தோட்ட மேலாளர் துரையைப் பார்க்கவே விடவில்லை. கணக்கப்பிள்ளை சொன்னது: "உங்க பொம்பள ஈரத்துணிய உள்ள கட்டித் தொங்கவிட்டா செவுரு நனையாம என்னா செய்யும்?" தென்மேற்கு மழையில், பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறைக் காம்பராவில், வேறெங்கே கட்டுவது? அதே வார்த்தையைத்தான் நான் பவுணில் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன்.

உங்களுக்குப் பக்கத்திலுள்ள ரோச்டேலில் 2020 டிசம்பரில் 2 வயதுப் பிள்ளை செத்தது இந்தப் பூஞ்சணத்தால்தான். அவாப் இஷாக். குடியிருந்தவர்களின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று தள்ளிவிட்ட கதைதான் அங்கேயும். இப்போது அவன் பெயரில் சட்டம் இருக்கிறது: 2025 அக்டோபரிலிருந்து, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்தான அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்து ஆபத்தை நீக்க வேண்டும், மோசமான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளுக்குள் விசாரிக்க வேண்டும். உங்கள் பயிற்சியில் இதைச் சொல்லித் தந்தார்களா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். போன் எடுக்கும்போது நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

மஸ்கெலியாவில் எங்களுக்குக் கூரைத் தகரம் கடைசியில் வந்தது, மழைக்காலம் முடிந்த பிறகு. அம்மா இப்போது ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய புது வீட்டில் இருக்கிறார். மழை பிடித்தால் இன்னும் மூலையில் வாளியைக் கொண்டுபோய் வைப்பாராம். காலையில் காய்ந்துதான் கிடக்கிறதாம், தங்கச்சி சொல்கிறாள்.