கேப் டவுன் ஆய்வுக்கூடத்துக்கு வரப்போகும் தம்பிக்கு

கோயம்புத்தூரிலிருந்து எழுதிய தம்பிக்கு வணக்கம். இயற்பியலில் முதுகலை முடித்திருக்கிறீர்கள். உடல் திசுக்களை எக்ஸ்ரே கொண்டு முப்பரிமாணத்தில் படமெடுக்கும் குழு ஒன்றில், கேப் டவுனில், இடம் கிடைத்திருக்கிறது. வாடகை எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா, இரவில் வெளியே போகலாமா, வேலை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

வாடகையைப் போன மாதம் வந்து இறங்கியவரிடம் கேளுங்கள். என்னிடம் இருப்பது பழைய கணக்கு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள். நீங்கள் கேட்காத ஒன்று: ஜூன், ஜூலையில் இங்கே குளிர்காலம், மழையும் அப்போதுதான். நான் ஒரு ஜூலையில் பருத்திச் சட்டையோடு வந்து நின்றேன். "ஆப்பிரிக்காவில் என்ன குளிர்" என்று சொல்லி அனுப்பிய உறவினர் இன்றும் சென்னையில் சௌக்கியமாக இருக்கிறார்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் கடைசி வரிதான். "நான் கம்ப்யூட்டர் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் அல்லவா?" போதாது தம்பி. உங்களுக்கும் போதாது, குழுவுக்கும் போதாது.

எலும்பு எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கும்; அதனால் பளிச்சென்று தெரியும். ஈரல், சிறுநீரகம், இதயத் தசை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கும். அப்படியே ஸ்கேனரில் வைத்தால் ஒரே சாம்பல் நிறக் கூழாகத்தான் வரும். வேறுபாடு தெரிவதற்காக அயோடின் கரைசலில் ஊறவைப்பார்கள். அயோடின் திசுவைச் சுருக்கும். அது தெரியாத இயற்பியல்காரர் திரையில் திசுச் சுவரின் தடிமனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளந்து பெருமையாகக் காட்டுவார். நோயியல் மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். மாதிரியைச் சுழற்றிச் சுழற்றி ஆயிரக்கணக்கில் படம் எடுக்க மணிக்கணக்காகும். அதற்குள் திசு கொஞ்சம் காய்ந்தாலும், உள்ளே ஒரு காற்றுக்குமிழி நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். அதைச் சரிசெய்யத்தான் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். ஓரளவுக்குத்தான்.

பிரான்சின் கிரெனோபிலில், மிகப் பிரகாசமான எக்ஸ்ரேயை உண்டாக்கும் சின்க்ரோட்ரான் கூடத்தில், முழு மனித நுரையீரலை வெட்டாமலே படமெடுத்தார்கள். முழு உறுப்பை 25 மைக்ரான் அளவிலும், வேண்டிய இடத்தை ஏறக்குறைய ஒரு மைக்ரான் வரை நெருங்கியும் பார்க்கலாம். 2021-இல் வெளியான அந்த வேலையில் கோவிட் நோயாளிகளின் நுரையீரலும் இருந்தது. அதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பால் டஃபோரோ. அவர் மருத்துவர் அல்லர், புதைபடிவ ஆராய்ச்சியாளர். நம் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மலாபாவில் 2008-இல் கிடைத்த ஆதி மனித இனத்தின் மண்டையோட்டையும் அதே கூடத்தில்தான் ஸ்கேன் செய்தார்கள். கல்லாகிப்போன எலும்போடு பழகியவர் நுரையீரலுக்கு வந்தபோது, உறுப்பை எத்தனாலில் பதப்படுத்தி, காற்றை வெளியேற்றி, அசையாதபடி அகர் என்னும் கடற்பாசிக் கூழின் துண்டுகளுக்கு நடுவில் நிறுத்துவதில்தான் பாதி உழைப்பு போயிருக்கிறது.

உங்கள் ஊர் என்று ஆகப்போகும் கேப் டவுனுக்கே இதில் ஒரு மூதாதையர் உண்டு. 1956-இல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிக்கும் இயற்பியலாளர் விலகிவிட, பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் கோர்மாக் வாரத்தில் ஒன்றரை நாள் போய் உட்கார்ந்தார். எக்ஸ்ரே உடலுக்குள் எங்கே எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று வெளியிலிருந்தே கணக்கிடும் யோசனை, இன்றைய சி.டி. ஸ்கேனின் அடிப்படை, அங்கேதான் பிறந்தது. 1963-64-இல் கட்டுரை வந்தபோது ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி மையமும் ஒன்று! 1979-இல் நோபல் பரிசு வந்தது. மருத்துவமனை வாடையே வேண்டாம் என்று அந்த மனிதர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்தது, ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியராக உங்கள் பெயர். சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) முப்பரிமாணப் படங்களை எல்லாம் கணினியில் உருவாக்கியவன் நான். நுரையீரலின் கிளைகளை ராத்திரி ராத்திரியாகப் பிரித்து வண்ணமிட்டவனும் நான். கட்டுரை வந்தபோது கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பத்தியில், ஸ்கேனருக்கு மின்சாரம் பார்த்தவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவரைக் குறை சொல்லவில்லை; 2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) ஆறாம் கட்டத்தில் ஓடியபோது ஜெனரேட்டரைக் காப்பாற்றியவர்களுக்குக் கோவில் கட்டலாம். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் இருப்பவரை இங்கே குமாஸ்தாவாகத்தான் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். திசுவைத் தொட்டவரைத் தள்ளிவைப்பது கடினம்.

நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருள் வேலைக்கு வந்த சிலர் வார இறுதிகளில் தங்களுக்குள்ளேயே கூடி இட்லி சாப்பிட்டுவிட்டு, "இங்கே இருக்கும் தமிழருக்குத் தமிழே வராது" என்று நக்கலடிப்பார்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புக் காட்டுக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் அவர்கள். பேச்சு போனது உண்மைதான். காவடி போகவில்லை, புரட்டாசி போகவில்லை. அந்த மாதம் முழுக்க டர்பனில் எத்தனை வீடுகளில் மாமிசம் சமைப்பதில்லை என்று போய்ப் பாருங்கள். நக்கலடிக்கும் நம்மவர் அதே மாதத்தில் பிராய் என்னும் இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி நிற்பார். நானும் நிற்பேன், ஆனால் நக்கலடிப்பதில்லை.

திசுவைக் கையாள எனக்குக் கற்றுக்கொடுத்தவரே டர்பனிலிருந்து வந்த ஓர் ஆய்வக அம்மாள்தான். பாட்டியை 'ஆயா' என்பார். அதற்கு மேல் தமிழ் தெரியாது. முனைவர் பட்டத்தோடு யார் வந்தாலும் திசு மாதிரி வைத்த குழாயைக் கையில் கொடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். இல்லை என்று சொன்னால், தானும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் மறுபடியும் வெற்றிடப் பம்பில் வைத்துவிடுவார். எனக்கு அப்போது அவர்மேல் மகா கோபம். பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் குழாயைப் புதியவர்கள் கையில் கொடுப்பது நான். என்மேலும் கோபப்படுகிறார்கள். எங்கள் கட்டடம் உங்களுடையதற்கு இரண்டு தெரு தள்ளித்தான். வந்து சேர்ந்ததும் ஒரு நாள் வாருங்கள், உங்களுக்கும் ஒன்று தருகிறேன்.