வெள்ளம் வடிந்த ஊரில் ருசி பார்க்கலாமா?

அண்ணா, வணக்கம். 2019 வெள்ளத்தின்போது கோலாப்பூர் பக்கம் நிவாரண வேலைக்குப் போனது பற்றி எழுதியிருந்தீர்கள். பாதிக் கட்டுரை சோள பாக்ரி என்ற ரொட்டியும் தாம்ப்டா ரஸ்ஸா என்ற காரமான சிவப்புக் கறிச்சாறும்தான். வீடு போனவர்கள் நடுவில் நாக்கு ருசி கேட்குமா என்று என் வீட்டில் பெரிய வாக்குவாதம். நாங்கள் சிலர் இந்த மழைக்கு ஒரு குழு சேர்க்கிறோம். சாப்பாட்டு விஷயத்தில் எப்படி நடந்துகொள்வது?
செ., தாராவி

அன்புள்ள தம்பிக்கு,

வாக்குவாதத்தில் பாதி நியாயம் உண்டு. ரஸ்ஸா நான் குடித்தது தண்ணீர் வடிந்து கடை திறந்த பிறகு, காசு கொடுத்து. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அடுப்பு மூட்டியவருக்கு அன்றைய வியாபாரம் நடந்தாக வேண்டும். அதில் எனக்குக் கூச்சமே இல்லை.

ஆனால் ஓர் ஊர் என்ன சாப்பிடுகிறது என்று தெரியாமல் லாரி ஏற்றினால் சாமான் வீணாகும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்ததே, அந்தக் கதைதான். பெட்டி பெட்டியாக நூடுல்ஸ் வரும். கொதிக்கவைக்க கேஸ் இருக்காது, நல்ல தண்ணீரும் இருக்காது. இத்தனைக்கும் சோலாப்பூர் பக்கம் ‘கடக் பாக்ரி’ என்று ஒன்று இருக்கிறது. சோளமாவையோ கம்புமாவையோ அப்பளம்போல மெல்லிசாகத் தட்டிச் சுட்டு, ஈரம் போக மொறுமொறுவென்று காயவைப்பார்கள். வாரக்கணக்கில் கெடாது. கூடவே அந்த ஊர் வேர்க்கடலைச் சட்னிப் பொடி. அடுப்பே வேண்டாம். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த நம் பாட்டிமாருக்குச் சோளமும் கம்பும் புதிதா என்ன! முகாமுக்கு இதைவிடத் தோதான சாப்பாட்டை நான் பார்த்ததில்லை.

கோலாப்பூர் பக்கம் பஞ்சகங்கை ஆறு கிருஷ்ணையில் கலக்கும் இடத்தில் நரசிம்மவாடி. பாசுந்திக்குப் பேர்போன ஊர். அவ்வளவு பால் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே வெள்ளத்தில் மாடு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி வந்துவிடும். அந்த வட்டாரத்தில் கரும்பும் கறவையும்தான் பிழைப்பு. மாட்டை விட்டுப் படகில் ஏறமாட்டேன் என்று நின்றவர்கள் உண்டு. அரிசி, பருப்பு, பிஸ்கட் எல்லோரும் கொண்டுபோவார்கள். தீவனம் ஏற்றுபவர் குறைவு. உங்கள் குழு அதை எடுத்துக்கொள்ளலாம்.

2019 ஆகஸ்டில் மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலை கோலாப்பூர் அருகே நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. ஆகவே உங்கள் சாப்பாடும் தண்ணீரும் உங்கள் மூட்டையிலேயே இருக்கட்டும். முகாம் பந்தியில் உட்காராதீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும் பாக்ரியும் வைத்தால் அது வேறு. மறுத்தால் மனசு சங்கடப்படும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, முன்பின் தெரியாதவர்கள் நீட்டிய சாயாவை நம் ஊரில் யார் வேண்டாம் என்றார்கள்? கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுங்கள். தட்டைப் படம் பிடிக்காதீர்கள்.

கடக் பாக்ரியை சோலாப்பூரில் பெண்கள் குழுக்களே செய்து விற்கிறார்கள். மழை தொடங்கியபின் தேடி அலையாமல் மே மாதமே சொல்லிவைத்துவிடுங்கள்.