வெயில் எந்தப் பக்கம்?
(இலங்கைப் பயணம் – வாசகர் கேமரா கேள்விகள்)

கே: பிப்ரவரியில் சிகிரியா போகிறோம். பாறை உச்சியிலிருந்து விடியலைப் படமெடுக்க ஆசை. முடியுமா? – திருச்சி வாசகி

ப: உச்சிக்குப் போய்விட்டால் படத்தில் சிகிரியாவே இருக்காதே! பாறையும் வர வேண்டுமானால் வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிதுரங்கலக் குன்றில் ஏறுங்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் சிகிரியா. சூரியன் இடது கைப்பக்கம் எழும். வெயில் பக்கவாட்டில் விழுவதால் பாறையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும்.

அங்கே ஆண்டு முழுக்க விடியல் 6 மணியை ஒட்டித்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் பொன் வெயில் முக்கால் மணி நேரத்தில் வெளுத்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருங்கள். அங்குள்ள விகாரை வழியாகத்தான் ஏற வேண்டும் என்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். கடைசிப் பகுதியில் படி கிடையாது, உருண்டைப் பாறைகள்தான்; இரண்டு கையும் ஊன்றித்தான் ஏற முடியும். கேமரா முக்காலியை (டிரைபாட்) கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நெற்றியில் டார்ச் மாட்டிக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் லென்ஸ் திறப்பு எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 என்று வையுங்கள். வானம் வெளிச்சமாகவும் காடு இருட்டாகவும் இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் சிக்காது. கேமராவை அசைக்காமல் இரண்டிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்து, வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். கைபேசி என்றால் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். வெளுத்துப்போன வானத்தை மீட்கவே முடியாது. இருண்ட காட்டை ஓரளவு மீட்கலாம்.

சிகிரியாவின் சுவரோவியங்களைப் பார்க்கலாம், படமெடுக்கத் தடை. ஃபிளாஷ் போடாவிட்டாலும் கூடாது.

கே: ஹோட்டலிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி பிடித்துக்கொள்கிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது. – கோவை வாசகர்

ப: துடைத்துப் பயனில்லை. ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கண்ணாடி சூடாகும்வரை படிந்துகொண்டேதான் இருக்கும். இரவு கேமராவை ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி வையுங்கள். காலையில் பையைத் திறக்காமல் வெளியே கொண்டுபோய் அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டால் ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸில் அல்ல. அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். பனி உள்ளே சென்சாரில் படிந்துவிடும். ஊர் திரும்பியதும் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்கிற செலவில் ஒரு மூட்டை சிலிக்கா ஜெல் வாங்கலாம்.

கே: அனுராதபுரத்து ருவன்வெலிசாய தூபி என் படத்தில் அழுக்குச் சாம்பலாக இருக்கிறது. போலரைசர் வாங்கினால் சரியாகுமா? – மட்டக்களப்பு வாசகர்

ப: சாம்பல் நிறத்துக்கும் லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டிக்கும் சம்பந்தமில்லை. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்குவதுதான் வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டரின் குணம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வைத்தால் தூபி வெள்ளையாகும்; அதற்கு மேல் போனால் வளையங்களின் விளிம்பு கரைந்துவிடும்.

போலரைசர் நீல வானத்துக்கு உதவும். சூரியனுக்கு 90 டிகிரி திசையில்தான் அது அதிகம் வேலை செய்யும். காலையிலும் மாலையிலும் அகலக்கோண லென்ஸில் போட்டால் வானத்தின் நடுவில் கரும்பட்டை விழும். நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் தொடுவானம் முழுக்க அந்த 90 டிகிரிக்குள் வந்துவிடும், நீலம் ஓரளவு சீராகவே பதியும். உச்சி வெயிலுக்கு இப்படி ஒரு பயனாவது இருக்கிறதே! செருப்பைக் கழற்ற வேண்டும், கல்தரை கொதிக்கும். கனமான காலுறை கொண்டுபோங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுக்கக் கூடாது.

கே: காலி நகரக் கோட்டைக் கலங்கரை விளக்கம் காலையில் எடுத்ததில் கறுப்பாக வந்திருக்கிறது. – சென்னை வாசகி

ப: கோட்டையின் தெற்கு முனையிலுள்ள கொடிப்பாறைப் பக்கத்திலிருந்து எடுத்திருப்பீர்கள். 1939-இல் கட்டிய அந்த 26.5 மீட்டர் கோபுரம் அங்கிருந்து கிழக்கே இருக்கிறது; காலை வெயில் அதன் பின்னால். மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில். கோபுரம் பளிச்சென்று இருக்கும்.

இருட்டியபின் விளக்கு விட்டுவிட்டுத்தான் ஒளிரும். ஷட்டரை 20 விநாடி திறந்து வைத்தால் ஒளி பதியும், ஆனால் பக்கத்துத் தென்னை மட்டைகள் காற்றில் குழம்பிவிடும். மட்டைக்காகக் குறைந்த நேரத்தில் இன்னொன்று எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படியும் கடற்காற்றின் உப்பை உலர்துணியால் தேய்க்காதீர்கள், கோடு விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள்.

கே: ட்ரோன் கொண்டுபோகலாமா? – மதுரை வாசகர்

ப: இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். தொல்லியல் இடங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். இரண்டும் கையில் இல்லையென்றால் ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.