‘பி40 புத்தி’ என்கிறான் மகன், என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். வகுப்பில் யாராவது அற்பமாக நடந்துகொண்டால் ‘பி40 புத்தி’ என்கிறார்களாம். திடலில் பந்தைக் கோட்டைவிட்டவனுக்கு ‘ஓக்கேயு’ (மாற்றுத்திறனாளி) என்று பட்டம். வீட்டிலும் அதே பேச்சு. இந்தச் சுருக்கப் பெயர்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன? திட்டி நிறுத்திவிடலாமா?

பதில்: திட்டினால் உங்கள் காதுபட மட்டும் சொல்லமாட்டான். பள்ளி வேனில் ஏறியதும் மறுபடி ஆரம்பித்துவிடுவான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேசினால் கொஞ்சம் எடுபடும்.

பி40 பிள்ளைகள் உண்டாக்கிய சொல் கிடையாது. அரசாங்கக் கோப்பிலிருந்து இறங்கி வந்தது. மலேசியாவிலுள்ள குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் கீழே உள்ள 40 விழுக்காடு பி40 (பாட்டம் 40), நடுவில் 40 விழுக்காடு எம்40, உச்சியில் 20 விழுக்காடு டி20. 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி மாதம் 5,250 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே வந்தால் பி40. அப்புறம் உதவித்தொகை அறிவிப்பு, கல்விச் சலுகை, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 மருத்துவப் பரிசோதனை என்று கைக்கு வரும் பாரத்திலெல்லாம் அந்தப் பெயர். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகூட “எனக்கு பீ ஃபோர்ட்டி இருக்குப்பா” என்பார், ஏதோ கார்டு வைத்திருப்பது மாதிரி. அவர் வாயில் அது வசை கிடையாது, சலுகை.

ஒரு சுருக்கம் ஊரில் குடியேறிவிட்டதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அடையாளம், அதன் வாலில் தமிழ் விகுதி ஒட்டுகிறதா என்பதுதான். ‘பி40 குடும்பம்’ என்கிறவரை அது பாரத்தில் வரும் சொல். ‘பி40க்காரன்’, ‘பி40ங்க’ என்று வந்துவிட்டால் ஆளுக்கே பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் விரிவை நினைப்பதில்லை. விரிவு மறந்துபோன சுருக்கத்தில் எந்த அர்த்தத்தையும் ஊற்றலாம். பேபி பூமர் என்றால் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு, புத்திமதி சொல்கிற முப்பத்தைந்து வயது மாமாவும் ‘பூமர் அங்கிள்’தான்.

எல்லாம் முதலெழுத்தால் வந்தவையும் இல்லை. வாலை வெட்டி வந்தவை நிறைய: மலாய்க்காரரையும் மற்றப் பூர்வகுடியினரையும் குறிக்கும் பூமிபுத்ரா ‘பூமி’ ஆனது, பங்களாதேஷ்காரர் ‘பங்ளா’ ஆனார். சுவாரஸ்யமானது மச்சா. நாம் மச்சானைக் கூப்பிடும் விளி அது. மலாய், சீன நண்பர்கள் கேட்டுப் பழகி நம்மைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு முன்பின் தெரியாத இந்தியர் எல்லாருமே மச்சா. கூடப் படித்தவன் தோளைத் தட்டி “மச்சா” என்றால் இனிக்கிறது. பேரம் பேசும்போது முகம் தெரியாதவன் அதையே சொன்னால் சுருக்கென்கிறது. சொல் ஒன்றுதான், யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில்தான் விஷயம். ‘இண்டோன்’ என்பதை இந்தோனேசியர்கள் இழிவாக எடுத்துக்கொண்டதால், ஊடகங்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று 2007இல் நம் தகவல் அமைச்சே சொல்ல வேண்டி வந்தது. சொன்னவர்களில் பலருக்கு அது வெறும் சுருக்கம்.

சரி, மகனிடம் எப்படிப் பேசுவது? சுருக்கத்தை விரிக்கச் சொல்லுங்கள். பி40 என்றால் என்ன என்று கேளுங்கள், பெரும்பாலும் முழிப்பான். பிறகு ஒரு தாளில் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்பாவும் அம்மாவும் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தால் 3,400. அந்த 2022 ஆய்வுக் கோட்டுக்கு இன்னும் 1,850 வெள்ளி குறைவு. சம்பளம் எவ்வளவு ஏறினாலும் நாட்டில் பத்துக் குடும்பத்தில் நாலு பி40ஆகத்தான் இருக்கும், வரிசையின் கீழ் 40 விழுக்காட்டுக்கு வைத்த பெயர் அப்படி. அவன் கால்பந்துக் குழுவில் பதினொரு பேர். எத்தனை பேரைச் சேர்த்துத் திட்டுகிறான் என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

ஓக்கேயு விஷயத்தில் இவ்வளவு பொறுமை வேண்டாம். அதன் மலாய் விரிவான ‘ஓராங் குராங் உபாயா’ என்பது, ஊனமுற்றவர் என்னும் பொருளில் வந்த ‘சாச்சாட்’ என்ற பழைய சொல் புண்படுத்துகிறது என்பதால் வந்த மரியாதைப் பெயர். 2008இல் மாற்றுத்திறனாளிகளுக்கென வந்த சட்டத்திலும் அதுதான் இருக்கிறது. அதையே கேலியாக்கினால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பெயர் எங்கே போய்த் தேடுவது? இதை மட்டும் “வேண்டாம்” என்று ஒரே வார்த்தையில் நிறுத்துங்கள்.

இன்னொன்று. வகுப்பில் உதவிப் பாரம் கொடுக்கும்போது “பி40 பிள்ளைங்க எழுந்திருங்க” என்று சொல்கிறார்களா என மகனிடம் விசாரியுங்கள். ஆமாம் என்றால், அடுத்த பெற்றோர் சந்திப்பு வரை காத்திராமல் வகுப்பாசிரியரைப் பாருங்கள். பாரத்தை உறையில் போட்டு, பெயர் எழுதி, தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.