மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் யார் பொறுப்பு? கேள்வி பதில்

மென்பொருளின் பாதுகாப்புக் குறைகளுக்கு அதைத் தயாரித்தவர்களைச் சட்டப்படி பொறுப்பாக்கலாமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கே: பிரேக் பிடிக்காத காரை விற்றால் வழக்குப் போடலாம். மென்பொருளுக்கு மட்டும் ஏன் சார் முடிவதில்லை?

முதல் தடை, நிறுவும்போது நாம் படிக்காமல் சம்மதம் சொல்லும் ஒப்பந்தம். இருக்கிறபடியே தருகிறோம், உத்தரவாதம் கிடையாது என்று அதில் இருக்கும். இழப்பீடு தர நேர்ந்தாலும் நீங்கள் கட்டிய தொகையைத் தாண்டாது என்று இன்னொரு வரியும் பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது, பல நாடுகளின் சட்டங்கள் உடல் காயத்தையும் பொருள் சேதத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. தகவல் திருடுபோன இழப்பு அவற்றுக்குள் சுலபமாக அடங்குவதில்லை.

கே: பிழையே இல்லாமல் யாராலும் நிரல் எழுத முடியாது. அப்புறம் எப்படித் தண்டிப்பது?

பிழை இருந்ததற்காக மட்டும் தண்டிக்கக் கூடாது, சரி. ஆனால் எல்லாப் பிழையும் ஒரே ரகம் இல்லை. 2018-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்பெக்டர் என்ற ஓட்டை, கணினியின் மூளையான பிராசஸர் சில்லுகளின் வடிவமைப்பிலேயே புதைந்திருந்தது. தேர்ந்த பொறியாளர்கள் கண்ணிலேயே பல வருடம் படவில்லை. அதற்காக யாரையும் கூண்டில் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற தாக்குதல் முறை அப்படியா? பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டி, பின்னால் ஒரு தரவுத்தளக் கட்டளையை ஒட்டுகிறார்கள். கவனமில்லாமல் எழுதிய நிரல் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாகவே நிறைவேற்றிவிடும். இது 1998-லேயே பகிரங்கமாக எழுதப்பட்ட விஷயம். கட்டளையைத் தனியாகவும் பயனர் தட்டியதைத் தனியாகவும் அனுப்பினால் தடுத்துவிடலாம், எல்லா முக்கிய நிரல் மொழிகளிலும் அதற்கு வசதி உண்டு. அப்படியிருந்தும் 2023-ல் மூவிட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே வகை ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கும்பல் உலகெங்கும் பல நிறுவனங்களின் தகவல்களை அள்ளிப்போனது. காசு வாங்கி விற்ற பொருளில் இருபத்தைந்து வருடப் பழைய ஓட்டை இருந்தால், தவிர்க்க முடியாதது என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

என் அளவுகோல் இதுதான்: தெரிந்த வகை ஓட்டையா, சோதித்தார்களா, யாராவது எச்சரித்தபோது என்ன செய்தார்கள்?

கே: அண்ணா, வேலை முடிந்து வந்து இரவில் இலவசமாக ஒரு லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு, எழுதுகிறேன். என் மேலும் கேஸ் வருமா?

வரவே கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவச லைப்ரரியின் ஓட்டை வெடித்தபோது, அந்த லைப்ரரியைப் பராமரித்த தன்னார்வலர்கள் ஊதியமில்லாமல் கண்விழித்துச் சரிசெய்தார்கள். அந்த லைப்ரரியைத் தங்கள் பொருளுக்குள் வைத்துச் சம்பாதித்தவை பெரிய நிறுவனங்கள். லாபம் எடுப்பவர்தான் பொறுப்பையும் எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் புதிய சட்டமும் வணிக நோக்கமின்றித் தரப்படும் திறமூல (நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்த) மென்பொருளுக்கு விலக்கு தருகிறது.

கே: ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்தம்) வந்தும் போடாமல் விட்டால்?

அங்கே பொறுப்பு பயன்படுத்திய நிறுவனத்துக்கு மாறுகிறது. மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கும் அமெரிக்க நிறுவனமான எக்விஃபாக்ஸின் விவகாரத்தில், அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது. அதைப் போடாததால் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின.

கே: ஐரோப்பாவில் சட்டம் என்றீர்களே, என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் திருத்திய தயாரிப்புப் பொறுப்பு நெறிமுறை மென்பொருளையும் ஒரு பொருளாகவே கணக்கில் எடுக்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது, தொழில்நுட்பச் சிக்கலால் குறையை நிரூபிப்பது பாதிக்கப்பட்டவருக்கு மிகக் கடினமானால், குறை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது. மூல நிரலைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாதவர் வேறு எப்படி நிரூபிப்பார்? ஆனால் இழப்பீடு தனிநபர்களுக்கு மட்டும்தான். வியாபாரம் முடங்கிய கம்பெனி இதன்கீழ் கேட்க முடியாது.

கே: எங்களுடையது சின்ன கம்பெனி. ஒரு வழக்கு வந்தாலே மூட வேண்டியதுதான்.

நியாயமான பயம். பாதுகாப்பான முறையில் உருவாக்கியதை ஆவணங்களோடு காட்டுபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு வேண்டும். அமெரிக்க அரசின் 2023 சைபர் பாதுகாப்பு உத்தியும் இதைப் பேசியது. எனவே சோதனைப் பதிவுகளை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

கே: வழக்குக்குப் பயந்து ஓட்டைகளை மூடி மறைக்க மாட்டார்களா?

இதுதான் எனக்கும் பெரிய கவலை. ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின்படி, தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ஓட்டை தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை தர வேண்டும். 2026 செப்டம்பர் 11 முதல் அமல். அது மட்டும் போதாது. தானாக அறிவித்து உடனே சரிசெய்தவருக்கு இழப்பீட்டைக் குறைக்க வேண்டும், மறைத்தவருக்குப் பல மடங்கு கூட்ட வேண்டும். நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சொல்ல வரும் ஆய்வாளருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதையும் அதே சட்டத்தில் தடுக்க வேண்டும்.